கோட்டுக்கு வெளியே அரை அடி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. பீரோவின் அடித்தட்டில் கிடைத்தது. போன மாதம் எங்கள் மில்லின் டைம் ஆபீசைப் புதுக் கட்டிடத்துக்கு மாற்றினார்கள். பழைய ரிஜிஸ்டர்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்துப் போட்டது நான்தான். ஒரு கட்டுக்குள் நாலாக மடங்கிக் கிடந்தது ஒரு ஸ்கோர் ஷீட்டின் கார்பன் காப்பி. 1990 மே மாதம், ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் மில் அணிக்கும் மதுரை அணி ஒன்றுக்கும் நடந்த கூடைப்பந்து ஆட்டம். கையெழுத்து என்னுடையது.

நான் சக்ரபாணி. வேலை ராஜபாளையத்தில், வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். பதினொரு வருடம் ஸ்கோர் மேஜையில் உட்கார்ந்தவன். கதை எழுதுவது இதுதான் முதல் தடவை. கடைசித் தடவையாகவும் இருக்கலாம், பயப்படாதீர்கள். ஸ்கோர் எழுதுகிறவனுக்கு ஒரே சட்டம்தான். நடந்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. அதை நான் ஒரு தடவை மீறியிருக்கிறேன். மீறிய தடம் அந்த ஷீட்டில் அப்படியே இருக்கிறது.

எங்கள் அணியின் பட்டியலில் ஏழாம் எண்ணுக்கு எதிரே ‘ஐயாதுரை’ என்று எழுதி, ஒரே கோட்டில் அடித்து, மேலே ‘தனுஷ்கோடி’ என்று எழுதியிருக்கிறேன். கீழே கோச் கையெழுத்துப் போடும் இடத்தில் அதே ஐயாதுரையின் கையெழுத்து. பதிமூன்றாம் எண்ணுக்கு எதிரே ‘பொன்னுராஜ்’. அது அடிபடவில்லை. அடிபட்டிருக்க வேண்டும்.

அவ்வளவுதான் கதை. இனி வருவதெல்லாம் விளக்கம்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் மல்லுக்கட்டினேன். கிழித்துப் போட்டவற்றை உங்களிடம் மறைக்கவில்லை.

‘மேற்கே மலை நீலமாகத் தெரிய, மில் சங்கு ஊத’ — வேண்டாம். மலை அங்கேயேதான் இருக்கிறது, யாரும் எடுத்துக்கொண்டு போய்விடவில்லை.

‘அன்று காலை எழுந்ததும் ஐயாதுரையின் முழங்கால்’ — இல்லை. கெட்டுப்போன முழங்கால் அவனுடையதே இல்லை. அது பொன்னுராஜுடையது. அதற்குப் பிறகு வருகிறேன்.

‘முப்பத்தாறு வயதில் ஒரு மனிதன் தன் பெயரைத் தானே’ — இது கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் முடிக்கத் தெரியவில்லை.

சரி, ஷீட்டில் எழுதுகிற மாதிரியே எழுதுகிறேன். ஐயாதுரை. வயது முப்பத்தாறு. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் செக்‌ஷன். எண் ஏழு. அணியின் கேப்டன். 1976-இல் மில்லில் சேர்ந்தான். வேலை கொடுத்ததே பந்துக்காகத்தான். ஆடுகிறவர்கள் மூன்று மணிக்கு என்னிடம் வந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போய்விடலாம். பதினாலு வருடமாக முதல் கையெழுத்து அவனுடையது, இரண்டாவது பொன்னுராஜுடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நாளும் மூன்றாவது ஆள் வந்ததில்லை.

(நேரில் நான் அவரை ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவேன். கதைக்குள் வந்ததும் ‘அவன்’ ஆகிவிட்டார். ஒரு மனிதனின் பக்கத்தில் போய் நிற்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் மன்னிப்பார்.)

அந்த வருடம் ஐயாதுரைக்கு ஒரு புதுச் சங்கடம் வந்திருந்தது. பந்து எங்கே போகப்போகிறது என்று முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. எதிராளியின் தோள் திரும்புவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஆனால் கால் அங்கே போய்ச் சேருவதற்குள் பந்து போய்விடும். இளம்பையன்களுக்குத் தெரியாது, ஆனால் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். வயிற்றெரிச்சலாக இருந்தது அவனுக்கு. அதை வெளியே சொல்லவில்லை.

3

ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை லேபர் ஆபீசர் ஜகந்நாத ராஜா அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். மில் அணியின் செயலாளரும் அவர்தான். அவர் அறைக்கும் என் மேஜைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். காது அங்கேதான் இருந்தது.

“ரா ஐயாதுரை, கூர்ச்சோ,” என்றார். வா, உட்கார் என்று தெலுங்கில் சொன்னார் என்றாலே நல்ல செய்தி என்று மில்லில் எல்லாருக்கும் தெரியும். “கோச் எடம் ஆறு மாசமாக் காலியாக் கெடக்கு. நீ எடுத்துக்கோ.”

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“ஆனா ஒண்ணு. முப்பத்தஞ்சு தாண்டுன ஆள் இனி லிஸ்டுல வேண்டாம். யாரா இருந்தாலும்.”

“முப்பத்தஞ்சு தாண்டுனது ரெண்டே பேருதான் சார். நானும் பொன்னுராசும்.”

“தெரியும்.”

“நா ரெண்டுமா இருந்துக்கிடுதேன் சார். கோச் இல்லன்னா கேப்டனே கோச்சுன்னு சட்டத்துல இருக்கு.”

“சட்டம் இருக்கட்டும். ஒண்ணு உள்ள நில்லு, இல்ல வெளிய நில்லு. நீ வேண்டாம்னா மதுரையில இருந்து ஒருத்தர் வாரார். அவர் வந்தா மொத வேலையா உங்க ரெண்டு பேரையும்தான் தூக்குவார். நீயே எழுதிக் குடுத்தா மரியாதையா இருக்கும். வில்லிபுத்தூர் டோர்னமென்டுக்கு லிஸ்ட் உன் கையில வரணும்.”

ஐயாதுரை வெளியே வந்து என் மேஜைப் பக்கம் நின்றான். ரிஜிஸ்டரை எடுத்து அன்றைய கையெழுத்தைப் போட்டான். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. நான் சுட்டிக்காட்டவில்லை.

4

இப்போது முழங்காலுக்கு வருகிறேன். இது தெரியாமல் மேலே படித்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

பொன்னுராஜுக்கு இடது முழங்கால் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. நேராக ஓடுவான். குதிப்பான். இடது பக்கம் சட்டென்று திரும்ப முடியாது. கூடைப்பந்தில் இது தெரிந்துவிட்டால் போதும், எதிரணி அந்தப் பக்கமாகவே புகுந்து போய்க்கொண்டிருக்கும். மூன்று வருடமாக யாருக்கும் தெரியவில்லை. ஏன் என்றால், பொன்னுராஜுக்கு எதிரே பந்து வரும்போதெல்லாம் ஐயாதுரை தன் ஆளை விட்டுவிட்டு அரை அடி நகர்ந்து அந்த இடது பக்கத்தில் நிற்பான். அரை அடிதான். அந்தப் பக்கம் வழி இல்லை என்று நினைத்து எதிராளி திரும்பிவிடுவான்.*

* பார்வையாளர்கள் பந்தைப் பார்ப்பார்கள். நடுவர் கையைப் பார்ப்பார். ஸ்கோர் மேஜை தாழ்வானது. அங்கே உட்கார்ந்தவனுக்குக் கண்முன்னால் தெரிவது கால்தான். அதனால் எனக்குத் தெரிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அது ஸ்கோரில் சேராது.

இதைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை என்றுதான் ஐயாதுரை நினைத்துக்கொண்டிருந்தான். அதாவது, பொன்னுராஜுக்கே தெரியாது என்று.

ஆக, அவன் முன்னால் இருந்தது இதுதான். கோச் ஆனால் பொன்னுராஜை லிஸ்டிலிருந்து எடுக்க வேண்டும். எடுக்காமல் ராஜாவிடம் மல்லாடி லிஸ்டில் வைத்தாலும், பக்கத்தில் நிற்கத் தான் இருக்கப்போவதில்லை. முதல் ஆட்டத்திலேயே வெட்டவெளிச்சமாகிவிடும். கோச் ஆகாவிட்டால் இரண்டு பேருமே வெளியே. எந்தப் பக்கம் திரும்பினாலும் பொன்னுராஜ்தான் அடிபட்டான்.

5

இந்த இடத்தில் ஐயாதுரையின் மனைவி பரிபூரணம் வரவேண்டும். எனக்கு இவளைப் பற்றிச் சந்தேகமாகவே இருக்கிறது. நான் அந்த அம்மாவை இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். ஏழாம் நம்பர் பனியனைத் துவைத்துக் காயப்போட்டது அவர் என்பது நிச்சயம். மற்றதெல்லாம் நான் எழுதுவது. முதலில் அவளை அழவைத்திருந்தேன். அது பொய் என்று எனக்கே தெரிந்தது, அடித்துவிட்டேன். இப்படிப் பேசியிருப்பாள் என்று நினைக்கிறேன்:

“கோச்சுன்னா வெளியவா நிக்கணும்?”

“ஆமா.”

“ஆட்டம் நடக்கும்போது உள்ள வரவே கூடாதா?”

“கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டுனா ஃபவுல்.”

அவள் பனியனை மடித்துக்கொண்டே இருந்தாள். “உங்களால ஏலாது,” என்றாள்.

ஐயாதுரைக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் வருகிற கோபம்தான்.

6

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பொன்னுராஜின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் போனான், ராஜா சொன்னதை அவனிடம் நேரில் சொல்லிவிடுவதற்கு. இது நிஜம், அவனே பிறகு என்னிடம் சொன்னான். திருமுக்குளத்துப் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். குளத்தில் தண்ணீர் பாதிக்கு மேல் வற்றியிருந்தது. ஐயாதுரை பஸ்ஸிலேயே நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துவைத்திருந்தான். வாயைத் திறப்பதற்குள் பொன்னுராஜ் முந்திக்கொண்டான்.

“மாப்ள, புதுக் கோர்ட்டுக்கு நேத்துதான் கோடு போட்டாங்க. போய்ப் பாத்துட்டு வந்தேன். சிமிண்டு அப்பிடி வழுவழுன்னு இருக்கு.”

“ம்.”

“பதினாலு வருசம் ஆச்சு. கோயம்புத்தூர்ல ஆடியாச்சு, திருச்சியில ஆடியாச்சு. எங்க ஊர்க்காரன் ஒருத்தன் நா ஆடிப் பாத்தது கெடையாது. சீனியம்மா வீட்டுல எம்புட்டுப் பேரு வாராக. அவ அண்ணன் வத்திராயிருப்புல இருந்து வேன் பிடிச்சு வாரானாம்.”

சீனியம்மாள் அவன் மனைவி. அவள் வீட்டார் இவனை ‘பந்து தட்டுகிறவன்’ என்றுதான் பதினாலு வருடமாகச் சொல்லிவந்தார்கள்.

“பொன்னுராசு, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லேன்.”

இந்த இடத்தில் நான் ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். அதில் ஐயாதுரை எல்லாவற்றையும் சொல்லிவிடுவான், பொன்னுராஜ் அவன் தோளில் கை போடுவான். படிக்க நன்றாகத்தான் இருந்தது. நடக்கவில்லை. நடந்தது: ஐயாதுரை, “பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்,” என்று எழுந்துவிட்டான்.

“வாய் வரல சாமி,” என்றான் என்னிடம். “பந்து கைக்கு வந்த பொறவு அத விட்டுட்டு நிக்கிற மாதிரி நின்னேன்.”

அன்று சாயங்காலம் அவன் முடிவுக்கு வந்தான். சொந்த ஊர் முன்னால் விழுவதைவிட, சொந்த ஊர் முன்னால் ஆடாமலே போவது மேல். கோச் ஆகி, பொன்னுராஜை லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவது என்று தீர்மானித்தான். அது இரக்கமா, கோழைத்தனமா என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

7

இனி என் தப்பு.

அந்த டோர்னமென்டில் ஸ்கோர் எழுத உள்ளூர்க்காரன் என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். மில் ஆளே மில் ஆட்டத்துக்கு எழுதலாமா என்று யாரும் கேட்கவில்லை. என் எழுத்து சுத்தம் என்று பெயர். முறை என்னவென்றால், அணியின் கோச் லிஸ்டைக் கொடுக்க வேண்டும், அதைப் பார்த்து நான் ஷீட்டில் ஏற்ற வேண்டும், கோச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஷீட்டில் பெயர் இருக்கிறவன்தான் ஆடலாம்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எங்கள் அணியின் பன்னிரண்டு பெயரும் மனப்பாடம். லிஸ்ட் வருகிறவரை காத்திருப்பதில்லை, மேஜையில் உட்கார்ந்ததுமே எழுதி முடித்துவிடுவேன். பதினொரு வருடத்தில் லிஸ்ட் மாறி வந்தது மூன்று தடவைதான். அன்றும் எழுதிவிட்டேன். ஏழு ஐயாதுரை. பதிமூன்று பொன்னுராஜ்.

நாலேகாலுக்கு ஐயாதுரை வந்தான். பேண்ட், சட்டை, காலில் செருப்பு. அவனை அந்தக் கோலத்தில் கோர்ட்டில் பார்த்ததே இல்லை. லிஸ்டை நீட்டினான். பதினொரு பெயர்தான் இருந்தது. ஏழாம் எண்ணில் தனுஷ்கோடி. தன் பனியனையே அவனுக்குக் கொடுத்துவிட்டான். பதிமூன்று என்ற எண்ணே இல்லை. அந்த இடத்தில் வேறொருவனை எழுத அவன் கை போகவில்லை போலிருக்கிறது.

பொன்னுராஜ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், பனியனுக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு. முன்வரிசையில் சீனியம்மாள், அவள் அண்ணன், வேனில் வந்த கூட்டம். அதே வரிசையில் கொஞ்சம் தள்ளி ஜகந்நாத ராஜா.

நான் ஏழை அடித்தேன். தனுஷ்கோடி என்று எழுதினேன். பேனாவைப் பதிமூன்றின் மேல் கொண்டுபோனேன். பிறகு மூடியைப் போட்டு மூடி, ஷீட்டை ஐயாதுரையிடம் நகர்த்தினேன்.

மறந்துவிட்டேன் என்று எட்டு வருடமாக எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். மறக்கவில்லை.

அவன் ஷீட்டைப் பார்த்தான். ஒரு பெயர் வாசிக்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடவே பார்த்தான். கையெழுத்துப் போட்டான்.

8

ஆட்டத்தை முழுக்க எழுத மாட்டேன். வேண்டுமானால் ஷீட் இருக்கிறது, வந்து பாருங்கள். கடைசிக்கு வருகிறேன். ஒரு நிமிடம் சொச்சம் பாக்கி. அறுபத்திரண்டு, அறுபத்தொன்று, எங்களுக்கு ஒரு புள்ளி கூட. தனுஷ்கோடிக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்து, சட்டப்படி வெளியே வர வேண்டியதாயிற்று. ஐயாதுரை பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். யாரைக் கூப்பிடுவது என்று அவன் தேர்வதற்குள் பொன்னுராஜ் சட்டையைக் கழற்றிவிட்டு எழுந்து நேராக என் மேஜைக்கு வந்துவிட்டான்.

மாற்று ஆட்டக்காரன் மேஜையில் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். நான் மணி அடித்தால்தான் உள்ளே போகலாம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஷூ நாடாவை இறுக்கினான். நிமிராமலே கேட்டான்.

“சாமி, எம் பேரு இருக்கா?”

“இருக்கு.”

“அவன் எழுதுனதா? நீங்க எழுதுனதா?”

“அவர் கையெழுத்துப் போட்டிருக்கார்,” என்றேன். அது உண்மைதான். உண்மையைச் சொல்லி ஒரு ஆளை ஏமாற்றலாம் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

பொன்னுராஜ் இடது முழங்காலை இரண்டு கையாலும் ஒரு தடவை பிடித்து விட்டான். “இன்னைக்கு எடது பக்கம் அவன் நிக்க மாட்டான்ல,” என்றான்.

ஆக, தெரிந்திருக்கிறது. மூன்று வருடமும்.

நான் ஐயாதுரையைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான், பொன்னுராஜைப் பார்த்தான், பிறகு கோர்ட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தலையாட்டவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மணியை அடித்தேன்.

9

பந்து மதுரை அணியிடம். பாக்கி பதினைந்து செகண்ட், இன்னும் அதே ஒரு புள்ளி. அவர்களுடைய கார்டு, அதாவது பந்தை முன்னால் கொண்டுவருகிறவன், அதைத் தட்டிக்கொண்டு எங்கள் மேஜை இருந்த ஓரமாகவே வந்தான். அவன் முன்னால் பொன்னுராஜ். பொன்னுராஜுக்கு இடது பக்கம் அகலத் திறந்து கிடந்தது. அதற்கு அப்பால் வெள்ளைக் கோடு. கோட்டுக்கு வெளியே ஐயாதுரை, எனக்கு நாலடி தூரத்தில்.

கார்டின் தோள் திரும்பியது. ஐயாதுரைக்கு அது முன்னாலேயே தெரிந்திருக்கும். அவனுடைய கால் செருப்போடு தரையை விட்டு எழும்பியது, அதே அரை அடிக்காக.

கார்டு தயங்கினான். திரும்பினான். பந்தை வேறொருவனுக்கு எறிந்தான். அவன் அவசரத்தில் கூடைக்கு எறிந்தது வளையத்தில்கூடப் படவில்லை. மணி அடித்தது. ஒரு புள்ளியில் ஜெயித்தோம்.

வேனில் வந்த கூட்டம் கோர்ட்டுக்குள் இறங்கிவிட்டது. சீனியம்மாளின் அண்ணன் பொன்னுராஜைத் தூக்கினான். ஜகந்நாத ராஜா எழுந்துபோய்விட்டார். மறுநாள் லிஸ்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஜெயித்துவிட்டோமே. பொன்னுராஜ் அதற்குப் பிறகு ஒரு ஆட்டமும் ஆடவில்லை. தானாகவே வந்து பனியனைத் துவைத்துக் கொடுத்துவிட்டான்.

10

முதல் பகுதியில் பீரோ என்று சொன்னேனே, அது பாதிதான். மீதியைச் சொல்கிறேன்.

ஷீட் கிடைத்த மறுவாரம் ஐயாதுரை டைம் ஆபீசுக்கு வந்தார். (கதைக்கு வெளியே வந்துவிட்டோம், இனி ‘அவர்’.) எட்டு வருடமாகக் கோச். நாற்பத்துநாலு வயது, காதோரம் நரைத்துவிட்டது. ஷீட்டைக் காட்டினேன். பதிமூன்றாம் எண்ணின் மேல் விரலை வைத்தார். அதைப் பற்றிக் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

“சாமி, அன்னைக்கு எங் காலு உள்ள வந்துச்சா?”

“உங்களுக்குத் தெரியாதா?”

“நா பந்தைத்தான பாத்தேன். ரெஃப்ரியும் பாக்கல, பாத்திருந்தா ஊதியிருப்பாரு. நீங்க ஒருத்தர்தான் காலைப் பாக்கிற ஆளு.”

நான் ஷீட்டை மறுபடி நாலாக மடித்தேன்.

“பொன்னுராசு இன்னைக்கும் வில்லிபுத்தூர் பூராவும் சொல்லிக்கிட்டுத் திரியுதான், எடது பக்கத்த ஒத்தையில அடைச்சேன்னு. அவன் சொல்லும்போதெல்லாம் நா பக்கத்துல நின்னு தலையாட்டுதேன். ஆட்டலாமா கூடாதான்னு எனக்குத் தெரியணும். எட்டு வருசமாப் பயலுகளைக் கோட்டைத் தாண்டாதீங்கன்னு வேற சொல்லிக்கிட்டிருக்கேன்.”

“திங்கக்கிழமை சொல்றேன்,” என்றேன். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதினால் பதில் வந்துவிடும் என்று நம்பினேன்.

இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் கால் வெளியேயே இறங்குகிறது. பொன்னுராஜ் கெட்ட முழங்காலோடு தனியாக நின்று அடைத்தான். ஐயாதுரை அன்றைக்கே கோச் ஆகிவிட்டார். இன்னொன்றில் கால் உள்ளே இறங்குகிறது. கார்டு பார்த்துத் தயங்கியது அந்தச் செருப்புக் காலை. பொன்னுராஜின் ஒரே ஒரு நல்ல நாள் கடன் வாங்கின நாள், அந்த ஜெயிப்பும் எங்களுடையதல்ல. இரண்டில் ஒன்று நடந்தது. எது என்று எனக்குத் தெரியும்.

‘நடந்ததை எழுது’ என்பதுதான் சட்டம் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள். ஆனால் ஒரு தடவை பேனாவை மூடி வைத்தே இரண்டு மனிதர்களின் வாழ்க்கையில் கை வைத்தவன் நான். இன்னொரு தடவை அந்தத் தைரியம் எனக்கு இல்லை. நிஜத்தைச் சொல்லவும் பயம், பொய்யைச் சொல்லவும் பயம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளைக் காலை முதல் ஷிப்டுக்கு முன்னால் அவர் வந்து என் மேஜைப் பக்கம் நிற்பார். அவருடைய கால் எட்டு வருடமாகத் தரையில் படாமல் நிற்கிறது. இவ்வளவு தூரம் கூட வந்திருக்கிறீர்கள். எங்கே இறக்கி வைக்கட்டும்?